கியூவைத் தாண்டும்போது தொலையும் விவரங்கள்: கேமல் ரூட்டில் ஹெடர்களைக் காப்பாற்றும் வழி

அம்பாறை, மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு நெல் ஆலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ தராசு மென்பொருள், கணக்கு மென்பொருள், எஸ்எம்எஸ் சேவை மூன்றையும் இணைத்துக் கொடுக்கும் வேலை புதிதாகக் கைக்கு வந்திருந்தால் இது உங்களுக்கு. அப்பாச்சி கேமலில் (மென்பொருள்களை இணைக்கும் ஜாவாக் கருவி) ஒரு ரூட் (செய்தி போகும் வழி) எழுதவும் ஆக்டிவ்எம்க்யூ புரோக்கரை (கியூக்களில் செய்திகளை வைத்திருந்து கொடுக்கும் மென்பொருள்) ஓடவிடவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உதாரணம் முழுக்க ஒன்றுதான். சம்மாந்துறையில் தராசு. லொறி ஏறி இறங்கியதும் எடைச்சீட்டு ஒரு பைலாக விழுகிறது. கேமல் அதை வாசித்து ‘நெல் வரவு’ கியூவில் போடுகிறது. கல்முனை அலுவலகத்து ரூட் அதை எடுத்து, விலை கணக்கிட்டு, ‘கொடுப்பனவு’ கியூவுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து விவசாயிக்கு எஸ்எம்எஸ். சீட்டின் உள்ளடக்கம் கடைசிவரை ஒழுங்காகப் போய்ச் சேரும். அதோடு கூடவே ஒட்டிய துணை விவரங்களாக (ஹெடர்) போகவேண்டிய நிலையக் குறி, சீட்டு இலக்கம், விவசாயியின் மொழி, முதலில் எடை போட்ட நேரம் ஆகியவைதான் வழியில் உதிர்கின்றன. மொழி உதிர்ந்தால் எஸ்எம்எஸ் மென்பொருள் தன் இயல்பு மொழியில் அனுப்பிவிடும். அது தமிழாக இருந்தால் சிங்களம் பேசும் உகன விவசாயிக்கும் தமிழ்ச் செய்தி போகும். லொக்கில் பிழை என்று ஒரு வரியும் இருக்காது.

கேமலின் தெரிவுகளின் பெயர்களைக் கீழே தமிழ் ஒலியில் தந்திருக்கிறேன். மென்பொருள் கோடில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.

1. கோடுக்கு முன் ஒரு தாள்

ஒரு விரிதாளில் ஐந்து நிரல் போடுங்கள்: ஹெடரின் பெயர், வகை, யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார், இல்லாவிட்டால் என்ன செய்வது. ஐந்தாவது நிரலைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுவார்கள். ‘மொழி இல்லையென்றால் செய்தியை நிறுத்து’ என்பதும் ‘மொழி இல்லையென்றால் தமிழ்’ என்பதும் இரண்டு வேறு மென்பொருள். இதை ஆலைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

அதே தாளின் அடியில் கேமல் பதிப்பு, புரோக்கரின் பெயரும் பதிப்பும், ஒவ்வொரு கியூவையும் வாசிக்கும் மென்பொருள் எது, அது கேமலா வேறா என்பதையும் குறியுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் 3ஆம் படிக்குப் போகாதீர்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு ஹெடர் போதும். தலா 40 பைட் என்று வைத்தால் 12 ஹெடர் 480 பைட். நாளொன்றுக்கு 5000 செய்தி போனாலும் 2.4 மெகாபைட்தான். பாரம் அதில் இல்லை. ஒவ்வொரு ஹெடரையும் இரண்டு பக்கமும் பேணும் மினக்கேட்டில்தான் இருக்கிறது.

2. விவரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

கேமலில் ஒரு விவரத்தை வைக்க மூன்று இடம் உண்டு: செய்தியின் பாடி (உள்ளடக்கம்), செய்தியின் ஹெடர், எக்ஸ்சேஞ்ச் (ரூட்டுக்குள் செய்தியைச் சுமக்கும் பொதி) புரொப்பர்ட்டி. ஜேஎம்எஸ் (ஜாவாவின் செய்திக் கியூ இடைமுகம்) கியூவுக்குள் பாடியும் ஹெடரும் போகும். எக்ஸ்சேஞ்ச் புரொப்பர்ட்டி போகாது. அது அந்த ரூட்டின் சட்டைப்பை. ரூட் முடிந்தால் அதுவும் முடிந்தது.

புதியவர்கள் விழும் முதல் குழி இங்கேதான். டைரக்ட், சேடா என்ற உள்ளிணைப்புகளை வைத்துச் சோதித்தால் புரொப்பர்ட்டி அடுத்த ரூட்டிலும் இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஜாவா இயக்கத்துக்குள் எக்ஸ்சேஞ்சையே கைமாற்றுகின்றன. சோதனை பச்சை. பிறகு சேடாவை எடுத்துவிட்டு ஜேஎம்எஸ் போட்டதும் மொழி காணாமல்போகும். கியூவைத் தாண்டவேண்டியது எதுவோ அதை அனுப்புவதற்கு முன்பே ஹெடருக்கு மாற்றுங்கள். மறுபக்கம் எடுத்த உடனே வேண்டுமானால் திரும்பப் புரொப்பர்ட்டியில் வையுங்கள். ரூட்டுக்குள் அது ஹெடரைவிடப் பத்திரமான இடம்.

‘டிரான்ஸ்ஃபர் எக்ஸ்சேஞ்ச்’ என்ற தெரிவைப் போட்டால் புரொப்பர்ட்டியும் சேர்ந்து போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும், பொய்யில்லை. ஆனால் அது ஜாவா பொருளாகச் சுருட்டி அனுப்புகிறது. அனுப்புகிற பக்கமும் எடுக்கிற பக்கமும் இரண்டிலும் அந்தத் தெரிவு இருக்க வேண்டும், கிளாஸ்களும் ஒத்துப்போக வேண்டும். சுருட்ட முடியாத பொருளை ஒரு எச்சரிக்கை வரியோடு விட்டுவிடும். கியூவைக் கொன்சோலில் (புரோக்கரின் நிர்வாகப் பக்கம்) திறந்து பார்த்தால் வாசிக்கக்கூடியதாக எதுவும் இராது. வெளியிலிருந்து செய்தி வரக்கூடிய கியூவில் இது பாதுகாப்புக் கேடும்கூட. என் தீர்ப்பு: பாவிக்க வேண்டாம்.

3. பெயரும் வகையும்

ஜேஎம்எஸ் எல்லா மதிப்பையும் ஏற்காது. எழுத்துச்சரம், முழு எண், நீள் எண், தசம எண், உண்மை/பொய் போன்ற அடிப்படை வகைகள் மட்டும்தான். கேமல் இதற்கேற்பச் சிலவற்றை மாற்றும், சிலவற்றைக் கைவிடும். தராசு ரூட் வைத்ததும் கியூவில் உண்மையில் கிடப்பதும் இப்படி வேறுபடும்:

நிலையக் குறி, எழுத்துச்சரம் ‘எஸ்எம்04’ → அப்படியே இருக்கும்.
சீட்டு-இலக்கம், நடுவில் ஹைஃபன் உள்ள பெயர் → ஹைஃபன் இருந்த இடத்தில் ‘_ஹைஃபன்_’ என்ற சொல் வந்திருக்கும்.
எடை, பிக்டெசிமல் (ஜாவாவின் துல்லியத் தசம வகை) 1860.00 → எழுத்துச்சரம் ‘1860.00’.
எடை போட்ட நேரம், ஜாவா டேட் → எழுத்துச்சரம், மில்லிசெக்கன் வெட்டுப்பட்டிருக்கும்.
விவசாயி, உங்கள் சொந்த கிளாஸ் → இல்லை.

கடைசி வரிக்குக் கேமல் லொக் எழுதுவது டிபக் மட்டத்தில். சாதாரணமாக அந்த மட்டம் மூடிக் கிடப்பதால் கண்ணில் படாது. சோதனைக் காலத்தில் ‘ஜேஎம்எஸ்பைண்டிங்’ வகுப்புக்கு மட்டும் டிபக் திறந்து வையுங்கள்.

ஹைஃபனும் புள்ளியும் ஏன் மாறுகின்றன என்றால், ஜேஎம்எஸ் பெயர் ஜாவா மாறியின் பெயர்போல இருக்க வேண்டும். எடுக்கிற பக்கமும் கேமல் என்றால் அது திருப்பி மாற்றிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எடுக்கிற பக்கம் நோட்.ஜேஎஸ் அல்லது பைதனில் எழுதிய எஸ்எம்எஸ் மென்பொருள் என்றால் அந்த ‘_ஹைஃபன்_’ அப்படியே போய் நிற்கும். கியூவில் செலக்டர் (எந்தச் செய்தியை எடுப்பது என்ற நிபந்தனை) எழுதினாலும் இந்த மாறிய பெயரைத்தான் எழுத வேண்டும். ஆகவே பெயரில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும். ஹைஃபன் வேண்டாம், புள்ளி வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்திலும் கவனம்: கேமலுக்குள் ஹெடர் பெயரில் அந்த வேறுபாடு கிடையாது, ஜேஎம்எஸ்ஸில் உண்டு. கேமலில் ஓடுவது வெளியே ஓடாமல்போக இது ஒரு காரணம்.

நேரத்தை எப்போதும் நீங்களே எழுத்துச்சரமாக்கி வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், நேரம், கடைசியில் +05:30. டேட் ஹெடர்களை ஐஎஸ்ஓ 8601 வடிவில் எழுத வைக்கும் தெரிவும் கேமலில் உண்டு, ஆனால் இயல்பில் அது மூடியிருக்கும். எண்ணை எழுத்தாக அனுப்பிவிட்டுச் செலக்டரில் எண்ணாக ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது; கியூ நிறையும், எடுப்பவர் சும்மா இருப்பார். வகை நிரல் தாளில் இருப்பது இதற்குத்தான்.

மதிப்பில் தமிழ் எழுதலாம், தடையில்லை. ‘கல்முனை’ என்ற சொல் யூடிஎஃப்-8இல் 21 பைட். ஆனாலும் ஊர்ப்பெயரை விடக் குறியை அனுப்புவதே நல்லது, ஏனென்றால் ஊர்ப்பெயரை மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டுவார்கள்.

4. புரோக்கர் தானே எழுதும் விவரங்களை நம்பாதீர்கள்

செய்தி ஐடி, நேர முத்திரை, சேருமிடம், மறுபடி வந்ததா என்ற குறி ஆகியவை ஒவ்வொரு அனுப்புதலிலும் புதிதாக எழுதப்படும். சம்மாந்துறையில் காலை 9.10க்கு எடைபோட்ட சீட்டு, இணைப்பு அறுந்து மாலை கல்முனைக்கு வந்து அடுத்த கியூவுக்குப் போனால், இரண்டாவது கியூவின் நேர முத்திரை மாலைதான். முதல் நேரமும் முதல் ஐடியும் வேண்டுமென்றால் முதல் ரூட்டிலேயே உங்கள் சொந்தப் பெயரில் இரண்டு ஹெடர் எழுதிவிடுங்கள். பிற்பாடு வரும் எந்த ரூட்டும் அவற்றைத் தொடக்கூடாது என்று தாளில் எழுதுங்கள். கொரிலேஷன் ஐடி (தொடர்புடைய செய்திகளை இணைக்கும் குறி) மட்டும் நீங்கள் வைத்தபடி அடுத்த கியூவுக்கும் போகும்; அதில் சீட்டு இலக்கத்தை வைப்பது நல்ல பழக்கம்.

முன்னுரிமையும் காலாவதியும் இன்னொரு கதை. வரும் செய்தியில் முன்னுரிமை 7 இருந்தாலும் கேமல் அடுத்த கியூவுக்குத் தன் எண்ட்பொயின்ட் (ரூட் கியூவோடு இணையும் முனை) அமைப்பின்படியே அனுப்பும், இயல்பு 4. செய்தியில் உள்ளதையே வைத்திருக்க ‘பிரிசேர்வ் மெசேஜ் கியூஓஎஸ்’ என்ற தெரிவை எண்ட்பொயின்டில் போட வேண்டும். போட்டால் காலாவதியும் சேர்ந்து வரும். காலாவதி என்பது ஒரு முழு நேரமுத்திரை; கேமல் அதிலிருந்து தன் கணினியின் இப்போதைய நேரத்தைக் கழித்து மீதி ஆயுளைக் கணக்கிடுகிறது. தராசுக் கணினியின் போர்டு பற்றரி செத்து, மின்வெட்டுக்குப் பிறகு கடிகாரம் பின்னால் போயிருந்தால், அங்கிருந்து வரும் செய்தி கல்முனையில் பிறக்கும்போதே காலாவதி. இந்தத் தெரிவைத் தொடுவதற்கு முன் எல்லாக் கணினியிலும் நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள்.

5. பதில் முகவரி: ஒரே செய்தி நான்கு தடவை போவது இதனால்தான்

வரும் செய்தியில் ஜேஎம்எஸ் ரிப்ளைடூ ஹெடர் இருந்தால் கேமல் அதைக் கேள்வி-பதில் உரையாடல் என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் அடுத்த கியூவுக்கு அனுப்பும்போதும் பதிலுக்குக் காத்திருக்கும். இயல்பு நேரம் 20 விநாடி. கொடுப்பனவு மென்பொருள் பதில் அனுப்புகிற சாதி இல்லை. 20 விநாடி கழிந்ததும் ரூட் தோல்வி. இதற்குள் செய்தி அடுத்த கியூவுக்கு உண்மையிலேயே போய்விட்டது. ரூட்டில் மறுமுயற்சி 3 என்று வைத்திருந்தால் இன்னும் மூன்று பிரதி போகும். எல்லாம் சேர்ந்து 80 விநாடிக்கு மேல் தாமதம், விவசாயிக்கு நான்கு எஸ்எம்எஸ், கடைசியில் செய்தி, தோற்றவற்றை ஒதுக்கும் தோல்விக் கியூவில்.

‘கியூ மெதுவாக ஓடுகிறது’ என்று புகார் வந்தால் முதலில் 20 விநாடி இடைவெளி தெரிகிறதா என்று லொக்கின் நேரங்களை வடிவாகப் பாருங்கள். திருத்துவது இலகு. பதில் வேண்டாத இடத்தில் அனுப்பும் எண்ட்பொயின்டுக்கு ‘இன்ஒன்லி’ (பதில் எதிர்பாராத ஒருவழி) முறை என்று எழுதுங்கள், அல்லது எடுக்கும் எண்ட்பொயின்டில் ‘டிசேபிள் ரிப்ளைடூ’ போடுங்கள். பதில் முகவரி அடுத்தவருக்குத் தெரியவேண்டும், ஆனால் நீங்கள் காத்திருக்கக்கூடாது என்றால் இன்ஒன்லியோடு 4ஆம் படியில் சொன்ன பிரிசேர்வ் தெரிவையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒருவழிச் செய்தியில் அந்த முகவரியைக் கேமல் கழற்றிவிடும்.

6. ரூட்டுக்கு உள்ளேயே தொலைவது

கியூவைக் குற்றம் சொல்லும் முன் ரூட்டின் நடுவில் செய்தியை மாற்ற நீங்கள் எழுதிய புரொசெசரைத் திறந்து பாருங்கள். ‘கெட்அவுட்’ என்று எழுதி அதில் பாடியை வைத்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லா ஹெடரும் போய்விட்டது. அது வெறும் புதுச் செய்தி. ‘கெட்மெசேஜ்’ என்று மாற்றுங்கள். பழைய பாடங்களும் உதாரணங்களும் கெட்அவுட்டையே காட்டுவதால் இந்தப் பிழை ஓய்வதாயில்லை.

பல சீட்டுகளை ஒன்றாகத் திரட்டும் அக்ரிகேட்டரில், உங்கள் தந்திரம் (எப்படி ஒன்றுசேர்ப்பது என்று நீங்கள் எழுதும் விதி) எந்த எக்ஸ்சேஞ்சைத் திருப்பித் தருகிறதோ அதன் ஹெடர்தான் மிஞ்சும். ‘போல் என்ரிச்’ அதற்கென ஒரு தந்திரம் எழுதாவிட்டால் வெளியிலிருந்து எடுத்ததை உங்கள் செய்தியின்மேல் கவிழ்த்துவிடும். நடுவில் எச்டிடிபி அழைப்பு இருந்தால் எதிர்த்திசையில் சிக்கல்: உங்கள் ஹெடர்கள் வெளியாருக்குப் போகும், அவர்களுடைய பதில் ஹெடர்கள் உங்கள் செய்தியில் ஒட்டிக்கொண்டு கியூவுக்குள் நுழையும். அழைப்புக்கு முன் தாளில் உள்ளவற்றைப் புரொப்பர்ட்டியில் பத்திரப்படுத்துங்கள். அழைப்பு முடிந்ததும் எல்லா ஹெடரையும் துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.

துடைப்பது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. ‘கேமல்’ என்று தொடங்கும் ஹெடர்கள் கேமலையே இயக்கக்கூடியவை. 2025இல் வெளியான சிவிஇ-2025-27636 என்ற பாதுகாப்பு ஓட்டை இதுதான்: பெரிய எழுத்து, சிறிய எழுத்தை மாற்றி எழுதினால் வெளியாரின் ஹெடர் வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்தது. 4.10.2, 4.8.5, 3.22.4 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்பில் இருந்தால் இன்றைக்கே ஏற்றுங்கள்.

பைல் பெயர் வேண்டும் என்பவர்கள் கேமலின் சொந்த ஹெடரை நம்பாமல் தங்கள் பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நாளைக்குக் கியூ கஃப்காவாக (வேறொரு செய்திச் சேவை) மாறினால் ‘கேமல்’ என்று தொடங்குவதை அது கழித்துவிடும்.

7. தோல்விக் கியூ

தோற்ற செய்தியைத் தோல்விக் கியூவில் போடுவது எல்லோரும் செய்வது. ஏன் தோற்றது என்பது கூடவே போவதில்லை. பிழையின் காரணம், எந்த ரூட், எந்த எண்ட்பொயின்ட் என்பதையெல்லாம் கேமல் எக்ஸ்சேஞ்ச் புரொப்பர்ட்டியில்தான் வைக்கிறது. 2ஆம் படியின்படி அது கியூவைத் தாண்டாது. ‘ஒன்பிரிப்பேர் ஃபெயிலியர்’ என்ற கொக்கியில் ஒரு சிறு புரொசெசர் எழுதி, பிழைச் செய்தியின் முதல் 200 எழுத்தையும் ரூட்டின் பெயரையும் தோற்ற நேரத்தையும் ஹெடராக்குங்கள். முழு ஸ்டாக் டிரேஸை (பிழை வந்த வழியின் நீண்ட பட்டியல்) ஹெடரில் திணிக்காதீர்கள்.

இன்னொரு பொறி: ‘யூஸ் ஒரிஜினல் மெசேஜ்’ போட்டிருந்தால் ரூட்டுக்குள் வந்தபோது இருந்த பாடியும் ஹெடரும் திரும்பிவரும். நடுவில் நீங்கள் சேர்த்த ஹெடர்கள் தொலைந்துவிடும். பாடி மட்டும் பழையது, ஹெடர் இப்போதையது என்றால் கேமல் 3 முதல் ‘யூஸ் ஒரிஜினல் பாடி’ இருக்கிறது. அநேகமாக உங்களுக்கு வேண்டியது இதுதான்.

செய்தியைப் புரோக்கரே தோல்விக் கியூவுக்கு மாற்றினால் அதுவும் சிலதை எழுதும். ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக் முதல் முயற்சிக்குப் பிறகு இயல்பாக 6 தடவை மறுமுயற்சி செய்து, காரணத்தைச் செய்தியின் ஒரு ஜேஎம்எஸ் புரொப்பர்ட்டியில் வைக்கும். அதே குடும்பத்து ஆர்ட்டெமிஸ் 10 முயற்சி வரை போய், எந்த முகவரி, எந்த கியூவிலிருந்து வந்தது என்று குறிக்கும்.

8. ஆக்டிவ்எம்க்யூ இல்லையென்றால்

ஐபிஎம் எம்க்யூ: ஹெடர்கள் ஆர்எஃப்எச்2 என்ற பகுதியில் போகின்றன. சேருமிடத்தின் ‘டார்கெட் கிளையன்ட்’ எம்க்யூ என்று இருந்தால் அந்தப் பகுதியே கழன்றுவிடும். கியூவின் ‘ப்ரொப்கன்ட்ரோல்’ அமைப்பையும் அதன் நிர்வாகியிடம் கேளுங்கள். ரபிட்எம்க்யூ: காலாவதி மில்லிசெக்கனில், ஆனால் எழுத்துச்சரமாக, தோல்விக் கியூவுக்குப் போகும்போது அது நீக்கப்படும். கஃப்கா: ஹெடரின் மதிப்பு வெறும் பைட்டுகள். எண்ணாக அனுப்பியதை மறுபக்கம் எழுத்தாக வாசித்தால் குப்பைதான் வரும், எல்லாவற்றையும் எழுத்துச்சரமாக அனுப்புங்கள். அமேசான் எஸ்க்யூஎஸ்: ஒரு செய்திக்கு 10 பண்புதான். உங்கள் தாளில் 12 இருந்தால் இரண்டைப் பாடிக்குள் தள்ள வேண்டும்.

9. சோதனை, நேரம், செலவு

மென்பொருளுக்குச் செலவு இல்லை. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிகணினியில் புரோக்கரும் மூன்று ரூட்டும் ஓடும். செலவு உங்கள் நேரம். தாளுக்கு அரை நாள், அதில் பெரும்பகுதி மற்றத் தரப்புகளோடு கதைப்பது. ரூட் திருத்த ஒரு நாள். சோதனைக்கு ஒரு நாள். விலை சொல்லும்போது கடைசி ஒரு நாளைக் கழித்துச் சொல்லாதீர்கள்.

சோதிப்பது இப்படி. எடுக்கும் ரூட்டை நிறுத்துங்கள். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். 8161 போர்ட்டில் உள்ள கொன்சோலில் கியூவைத் திறந்து, செய்தியின் ஐடியை அழுத்தினால் ஹெடர்களும் ஜேஎம்எஸ் புரொப்பர்ட்டிகளும் தெரியும்; நீங்கள் வைத்த ஹெடர்கள் அந்தப் புரொப்பர்ட்டிகளில்தான் இருக்கும். தாளைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பிறகு எடுக்கும் ரூட்டை ஓடவிட்டு, அது அடுத்த கியூவில் போட்டதை அதேபோல் பாருங்கள். கடைசியாக வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கித் தோல்விக் கியூவையும் பாருங்கள். லொக்கில் அச்சடித்துப் பார்ப்பது இதற்கு ஈடில்லை. அது கேமல் நினைப்பதைக் காட்டும், கியூவில் கிடப்பதை அல்ல. இதே ஒப்பீட்டைத் தானியங்கிச் சோதனையாக எழுதும்போது உண்மையான புரோக்கரை வைத்தே எழுதுங்கள், சேடாவை வைத்து அல்ல.

ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஹெடர் சேர்ப்பதானால் வரிசை முக்கியம். முதலில் எடுக்கும் பக்கம், அதுவும் புது ஹெடர் இல்லாத செய்தியையும் ஏற்கும்படி. பிறகு அனுப்பும் பக்கம். பழைய செய்திகள் கியூவிலும் தோல்விக் கியூவிலும் கிடக்கும் என்பதால் பழையதை ஏற்கும் கோடுப் பகுதியைத் தோல்விக் கியூ வெறுமையாகும்வரை நீக்காதீர்கள். பெரும்போக அறுவடை தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை இழுக்கும். அந்த நாட்களில் தராசு இரவிலும் ஓடும், கியூ ஒருபோதும் வற்றாது. ஹெடரை மாற்றும் வேலையை மார்கழிக்குள் முடியுங்கள், இல்லையென்றால் சித்திரைக்குத் தள்ளுங்கள்.